ஒரே மரபணு, ஒரே வைரஸ், ஆனால் செல்லுக்குச் செல் ஏன் வேறுபாடு?

கேள்வி: ஒரே வகைச் செல்களைத் தட்டில் வளர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே வைரஸைக் கொடுத்தாலும் சில மட்டும்தான் இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கின்றனவாம். மற்றவற்றில் ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறெல்லாம் இல்லை. ஒரு செல்லில் ஒரு மரபணுவுக்குப் பெரும்பாலும் இரண்டே பிரதிகள்தான். அதை முடுக்கிவிடும் புரதங்கள் செல்லுக்குள் கண்டபடி மோதித் திரிந்து, சரியான இடத்தில் வந்து ஒட்டினால்தான் அந்த மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ. உருவாகத் தொடங்கும், கழன்றால் நின்றுவிடும். அதனால் மரபணுவின் வேலை குழாய்த் தண்ணீர் மாதிரி சீராக வராது, விட்டுவிட்டுப் பெய்யும் மழை மாதிரிதான்.

2002-இல் எலோவிட்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதைக் கண்ணுக்கே காட்டினார்கள். ஈ.கோலி பாக்டீரியாவில் இரண்டு நிறங்களில் ஒளிரும் புரதங்களின் மரபணுக்களை வைத்து, இரண்டுக்கும் ஒரே மாதிரி சுவிட்ச் பொருத்தினார்கள். செல்லின் பொதுவான நிலைமை மட்டும்தான் காரணம் என்றால் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு நிறமும் சேர்ந்தே கூடவோ குறையவோ வேண்டும், ஆனால் ஒரே செல்லுக்குள் ஒரு நிறம் தூக்கலாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தது. அது தற்செயலைத் தவிர வேறில்லை.

இன்டர்ஃபெரான் பீட்டா மரபணுவுக்கு வருவோம். அது கிளம்ப என்.எஃப்.-கப்பா பி., ஐ.ஆர்.எஃப். போன்ற பல புரதங்கள் ஒரே இடத்தில் கூட வேண்டும். எல்லாச் செல்லிலும் ஒரே நேரத்தில் அது நடக்காது, முதலில் கூடிய செல் சுரக்கிறது. ஆனால் சுரந்தது வெளியே பரவி அக்கம்பக்கத்துச் செல்களையும் உஷார்ப்படுத்திவிடும் என்பதால், எல்லாரும் சுரக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்டர்ஃபெரான் அளவு மீறினால் உடம்புக்கே ஆபத்து என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ஏற்பாடு மோசமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: அப்படியானால் இந்தத் தற்செயல் நமக்கு எப்போதும் நல்லதுதானா?

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். தொற்றிய செல்களைக் கொல்லும் இயற்கைக் கொல்லி செல்களில் அது பலன் தருகிறது: கே.ஐ.ஆர். எனப்படும் ஏற்பிகளில் (மற்ற செல்களை அடையாளம் காண உதவும் மேற்பரப்புப் புரதங்களில்) எவற்றை வைத்துக்கொள்வது என்பதை ஒவ்வொரு செல்லும் கிட்டத்தட்ட குலுக்கல் முறையில் முடிவுசெய்கிறது, பிறகு அதன் வாரிசுகளும் அதையே பின்பற்றுகின்றன, அதனால் கூட்டத்தில் பலவித ஆட்கள் கிடைக்கிறார்கள்.

ஆனால் எச்.ஐ.வி. விஷயத்தில் இதே தற்செயல் நமக்கு எதிராகத் திரும்பலாம். தொற்றிய டி செல்லில் (ஒருவகை நோயெதிர்ப்பு செல்) வைரஸே தயாரிக்கும் டாட் என்ற புரதம் போதிய அளவு சேர்ந்தால், அது வைரஸ் மரபணுக்களை மேலும் மேலும் தூண்டிவிடும். தற்செயலாகக் குறைந்துபோனால் அந்தச் சுழற்சி அடங்கி, வைரஸ் சத்தமில்லாமல் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் பதுங்கிவிடக்கூடும். வைரஸின் பெருக்கத்தைத்தான் மருந்துகள் தடுக்கின்றன, பதுங்கியிருப்பதை அவை தொடுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் தலைதூக்குவது அதனால்தான்.