வலது கால்

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூர்க் கசினோவில் ஆரம்பித்து, பிறகு கைப்பேசியில் பந்தயம். வீட்டுச் சேமிப்பு முழுவதும் போய்விட்டது. மனைவி விண்ணப்பம் போட்டு, நான் கசினோவுக்குள் நுழையவே முடியாதபடி தடை வாங்கிவிட்டாள். அதைவிடப் பெரிய அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை. கடன்காரரிடம் வாங்கிய இரண்டாவது கடன் இன்னும் அவளுக்குத் தெரியாது. சபையில் பாட்டு நடத்தியவன் நான். இப்போது அங்கே போவதில்லை. யாருக்கும் என்னைத் தெரியாது என்பதால் ஓஃபிர் சாலை லூர்து மாதா கோவிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். மூன்று வருஷத்தில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுச் சுத்தமான மனுஷனாக ஆண்டவரிடம் திரும்பலாம் என்றிருக்கிறேன். அதுவரை திருவிருந்து எடுக்காமலிருப்பது சரிதானே? இது சூதாட்ட ஆவியின் பிடி என்கிறார் ஓர் ஊழியர். அப்படியும் இருக்குமா? எளிய தமிழில் எந்த வேதாகமம் நல்லது?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

வேதாகமம் எதுவானாலும் சரி, கையில் இருப்பதை வாசியுங்கள். ஆவியை விடுங்கள். கைப்பேசியைத் திறந்தது உங்கள் விரல். லூர்து மாதா கோவில் 1888இல் திறந்த காலத்திலிருந்தே தமிழர்கள் போகிற கோவில். ஒளிந்துகொள்ள அங்கேயா போனீர்கள்? என் சித்தி மகள் மூன்றாவது பெஞ்சில்தான் இருப்பாள்.

மனைவி வாங்கிய தடையை அவமானம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. 100 வெள்ளியாக இருந்த கசினோ நுழைவுக் கட்டணத்தை 2019இல் 150 ஆக்கினார்கள். அதைக் கட்டி உள்ளே போனபோது வராத வெட்கம், அவள் ஒரு படிவத்தை நிரப்பியபோது வந்துவிட்டதா? உங்கள் வீட்டில் விழித்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

சரி, திட்டியது போதும். உங்கள் கடிதத்தில் 'சுத்தமான மனுஷனாக' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தவக்காலம் வந்தாலே எனக்கு அப்பாதான்.

பெரிய வியாழன் பூசையில் பன்னிரண்டு ஆண்களை உட்காரவைத்து ஃபாதர் பாதம் கழுவுவார். அப்போதெல்லாம் பெண்களுக்கு இடமில்லை, 2016இல்தான் போப் பிரான்சிஸ் அந்த விதியை மாற்றினார். அப்பா வருஷா வருஷம் பன்னிரண்டில் ஒருவர். அன்று சாயங்காலம் எங்கள் அங் மோ கியோ வீட்டுக் குளியலறையில் ஒரு மணி நேரம் தண்ணீர் ஓடும். குதிகாலைத் தேய்ப்பார், நகம் வெட்டுவார், துடைத்துவிட்டுப் பவுடரும் போடுவார். அம்மா கேட்பார், "கழுவுறதுக்குத்தான போறீங்க, கழுவிட்டா போவாங்க?" அப்பாவுக்கு அதில் இருந்த நகைச்சுவை கடைசிவரை பிடிபடவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. ஒரு வருஷம் இடது கால் சுண்டுவிரலுக்கு அடியில் புண் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார். குளிர்கிறதாம், சிங்கப்பூரில். எங்கள் கோவிலில் வலது காலை மட்டும்தான் கழுவுவது வழக்கம். அந்த வருஷமும் போய் உட்கார்ந்து, வெள்ளை வெளேரென்ற வலது காலை நீட்டிவிட்டு வந்தார். இடது காலில் சாக்ஸ், ஷூ, உள்ளே சீழ். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதினொரு பேருக்கும் எதுவும் தெரியவில்லை.

நீங்கள் மூன்று வருஷம் குளியலறையில் நிற்கப்போகிறீர்கள், தம்பி.

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவுகிற யோவான் பதின்மூன்றாம் அதிகாரம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். 'ஒரு சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டு' என்று வருகிறதே, அது அடிமை செய்கிற வேலை. யூதாஸ் அப்போது இன்னும் எழுந்து போகவில்லை, அவனும் அங்கேதான் இருந்தான். பேதுரு மறுதலிப்பான் என்பதையும் அதே இரவில் அவரே சொல்லப்போகிறார். தெரிந்தேதான் குனிந்தார். பேதுரு என்ன சொன்னான்? "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது." இதைப் பணிவு என்றுதான் சிறுவயதில் எனக்குச் சொல்லித்தந்தார்கள். இன்று அப்படித் தோன்றவில்லை. அது ரோஷம். உயர்ந்த சிம்மாசனத்தில் இருக்கிறவர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிடலாம், அங்கிருந்து பார்த்தால் நம் கால் தெரியாது. குனிந்து உட்கார்ந்திருக்கிறவரிடம் அது நடக்காது. அவர் மூக்குக்கு நேரே இருக்கிறது நம் கால். நாம் கூச்சப்படுவது அவருடைய உயரத்தைக் கண்டு அல்ல, அவர் அவ்வளவு கீழே வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு. பேதுருவுக்குக் கிடைத்த பதிலையும் பாருங்கள்: "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை." கழுவிக்கொண்டு வா என்று சொல்லவில்லை.

அப்பாவின் சாக்ஸை வாடைதான் காட்டிக்கொடுத்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு கட்டு மாற்ற வீட்டுக்கு ஒரு தாதி வந்தார், சின்னப் பெண், பிலிப்பீன்ஸ்காரி. குளியலறையில் கிடந்த பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அப்பாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "ரொம்ப நாறுதான்னு அந்தப் புள்ளகிட்ட கேளு" என்றார் என்னிடம். நான் கேட்கவில்லை. "தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று கேட்கிறார்" என்று மாற்றிச் சொன்னேன். அந்தப் பெண் அப்பாவின் முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அங்கிள், இனிமேல் சாக்ஸ் வேண்டாம், சரியா?" அவ்வளவுதான். பெரியவர் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மறு வருஷம் பெரிய வியாழன் வந்தது. அப்பா திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். மறுபடியும் அதே வலது கால், அதே பவுடர். ஆனால் வீட்டில் சாக்ஸ் போடுவதை விட்டுவிட்டார். அந்தப் பெண் வருகிற நாளில் அவரே முக்காலியை எடுத்துப் போட்டுவைப்பார்.

திருவிருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள், எங்கெங்கோ போய்விட்டேன். அதை உங்கள் பாஸ்டரிடம் கேளுங்கள், நான் யார் சொல்வதற்கு? அந்த இரண்டாவது கடன்தான் அவசரம். உரிமம் உள்ள கடன்காரர்கூட மாதம் 4 சதவீதம்வரை வட்டி வாங்கலாம். உரிமம் இல்லாதவரிடம் வாங்கியிருந்தால் இன்றைக்கே போலீசுக்குப் போங்கள். எப்படியானாலும் இந்த வாரமே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் தூங்கினபிறகு, டிவியை அணைத்துவிட்டு, தொகையைச் சரியாகச் சொல்லுங்கள். குறைத்துச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
அக்கா