மலையுச்சி தட்டையாக வருகிறதா? தப்பு கிராஃப் தாளுக்கு முன்பே நடக்கிறது

கேள்வி: மகள் பிளஸ் ஒன் புவியியல் படிக்கிறாள். தலப்படத்தில் (நிலத்தின் மேடு பள்ளத்தைக் காட்டும் வரைபடம்) ஏ, பி என்ற இரண்டு புள்ளிகளுக்கு நடுவே குறுக்குவெட்டு, அதாவது நிலத்தின் பக்கவாட்டுத் தோற்றம், வரையச் சொன்னால் உச்சி தட்டையாகிறது, பள்ளத்தாக்கு மேடாகிவிடுகிறது. வீட்டில் எப்படிப் பழக்குவது?

பதில்: வரையும் கையில் குறை இருக்காது. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளின் உயரத்தைப் படிக்காமல் புள்ளி வைப்பதால்தான் இது நடக்கிறது.

முதலில் தாளின் ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. சம உயரக் கோட்டு இடைவெளி பொதுவாக 20 மீட்டர். ஐந்து கோடுகளுக்கு ஒன்று தடிமனாக இருக்கும், அது 100 மீட்டர் படி. எல்லாக் கோட்டிலும் எண் இருக்காது. எண் உள்ள தடித்த கோட்டில் தொடங்கி எண்ணிக்கொண்டே போக வேண்டும்.

எந்தப் பக்கம் ஏற்றம் என்பதை ஓடை சொல்லிவிடும். ஓடையைக் கடக்கும் இடத்தில் கோடுகள் 'வி' போல மடியும். அந்த முனை மேட்டை நோக்கி இருக்கும், அது பள்ளத்தாக்கு. ஓடை இல்லாத இடத்தில் மடியும் முனை தாழ்வை நோக்கி இருந்தால் மலையிலிருந்து நீளும் முகடு. இந்த இரண்டையும் மாற்றிப் படித்தால்தான் பள்ளத்தாக்கு மேடாகிறது. நம் பக்கத்துத் தாள்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: நீர் வற்றும் ஓடைகளைக் கருப்புக் கோடாகப் போட்டிருப்பார்கள். அதைப் பாதை என்று நினைத்தால் சரிவின் திசையே தலைகீழாகிவிடும்.

அடுத்து, நேரான விளிம்புள்ள ஒரு காகிதத் துண்டை ஏ-பி கோட்டின் மேல் நகராமல் வையுங்கள். கோடு வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் சின்னக் கீற்று. கீற்றுப் போட்ட கையோடு உயரத்தையும் எழுதிவிட வேண்டும். 'அப்புறம் எழுதிக்கலாம்' என்று விட்டால் 40 கீற்றில் எது எதென்று தெரியாது. முடித்ததும் ஒரு சோதனை: பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசம் 20 ஆகவோ 0 ஆகவோதான் இருக்க முடியும். 40 வந்தால் ஒரு கோடு விடுபட்டிருக்கிறது. 0 வந்தால் நடுவே உச்சியோ தாழ்வோ இருக்கிறது.

தட்டையான உச்சி அந்த 0 உள்ள இடத்தில்தான் பிறக்கிறது. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீ. 20 மீட்டர் இடைவெளியில் அதன் கடைசிக் கோடு 2,620. பிள்ளைகள் இரண்டு 2,620 புள்ளிகளையும் ஸ்கேலால் இணைத்துவிடுகிறார்கள். கோடு அந்த மலையுச்சி வழியாகவே போனால் வளைவு 2,637 வரை எழும்ப வேண்டும். உச்சியின் உயரம் குறிக்கப்படாவிட்டால் 2,640-ஐத் தொடாமல் மெல்ல வளைத்தால் போதும். ஸ்கேல் வேண்டாம், கையாலேயே இணைக்கட்டும்.

கிராஃப் தாளில் கிடைமட்ட அளவையைத் தலப்படத்தில் உள்ளபடியே வையுங்கள். செங்குத்துக்கும் அதையே வைத்தால் 20 மீட்டர் வெறும் 0.4 மி.மீ. ஆகிவிடும், வரையவே முடியாது. 1 செ.மீ.க்கு 100 மீட்டர் என்று எடுத்தால் ஒரு கோட்டு இடைவெளி 2 மி.மீ. உயரம் 5 மடங்கு மிகைப்படும், அதைப் படத்தின் கீழே எழுத வேண்டும். அடிக்கோடு 0-இல் தொடங்க வேண்டியதில்லை. நீலகிரியில் மிகத் தாழ்ந்த கோடு 1,840 என்றால் 1,800 போதும்.

சரிவைக் கணக்கிடத் தூரத்தைத் தலப்படத்தில்தான் அளக்க வேண்டும். மிகைப்படுத்தி வரைந்த குறுக்குவெட்டின் சாய்வை அளந்தால் விடை தப்பும். ஒரு சரிவில் 11 கோடுகள் என்றால் அவற்றுக்கு நடுவே இடைவெளி 10, ஏற்றம் 200 மீட்டர். படத்தில் தூரம் 4 செ.மீ. என்றால் தரையில் 2,000 மீட்டர், சரிவு 10-க்கு 1.

பழகுவதற்கு நில அளவைத் துறையின் இணையதளத்தில் தாள்களை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஏ4 தாளுக்குச் சுருக்கி அச்சிட்டால் 1:50,000 என்ற எண் பொய்யாகிவிடும். ஓரத்திலுள்ள கோட்டளவையும் (தூரம் குறித்த அளவுக்கோடு) சேர்த்து அச்சிட்டு, அதில் 1 கி.மீ.க்கு 2 செ.மீ. வருகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வராவிட்டால் தூரத்தை அந்தக் கோட்டளவையிலேயே அளக்கட்டும்.