மூன்று வாரமாக விடாத காலைத் தும்மல்

இந்தத் தும்மல் தடிமனா என்று கேட்டிருந்தீர்கள். காய்ச்சலே இல்லாமல், மூன்று வாரமாக விடியற்காலையில் மட்டும் தும்மலும் மூக்கில் நீர் வடிதலும் என்றால் அது தடிமன் அன்று, பெரும்பாலும் ஒவ்வாமை. சாதாரணத் தடிமன் 7 முதல் 10 நாட்களில் அடங்கிவிடும்.

நீங்கள் படுப்பது ஹற்றன் தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) அறையில் என்கிறீர்கள். எனக்குச் சுவர்மேல்தான் சந்தேகம். கட்டிலை நகர்த்தித் தலைமாட்டுச் சுவரின் அடியைப் பாருங்கள்: கரும்புள்ளியாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா? கம்பளியில் ஈரவாடை அடிக்கிறதா? சில இரவுகள் உறவினர் வீட்டில் படுத்துப் பாருங்கள். தும்மல் குறைந்தால் காரணம் அந்த அறைதான். வெயில் கண்ட அன்றே கம்பளியை உதறிக் காயப்போடுங்கள்.

கொத்தமல்லி அவித்துக் குடிப்பதை விடவேண்டாம், தொண்டைக்கு இதம். மீந்துகிடக்கும் அன்டிபயோட்டிக்கை மட்டும் தயவுசெய்து விழுங்காதீர்கள். தடிமன், ஒவ்வாமை இரண்டுக்குமே அது உதவாது.

மூச்சிரைப்போ நெஞ்சில் விசில் சத்தமோ வந்தால் அன்றே வைத்தியரிடம் போங்கள்.