லேபிள் ஒரு நாடு, சிப் உலகப் பொது: கேம் பாய் வட்டார வெளியீடுகள் பற்றிய கேள்வி பதில்

இங்கே வந்த கேள்விகள் எல்லாம் நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவிகளான முதல் கேம் பாய் (1989), பாக்கெட் (1996), லைட், கலர் (இரண்டும் 1998) ஆகியவற்றைப் பற்றியவை. விளையாட்டு பதிந்து கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜை நம் ஊர் வழக்கப்படி கேசட் என்றே எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, கேசட் லேபிளில் டிஎம்ஜி-டிஆர்-யுஎஸ்ஏ என்று ஒரு குறி இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது?

மூன்று துண்டாகப் பிரித்துப் படியுங்கள். முதல் துண்டு கருவி: டிஎம்ஜி என்றால் முதல் கேம் பாய், சிஜிபி என்றால் கலர். நடுத்துண்டு விளையாட்டு, டிஆர் என்பது டெட்ரிஸ். கடைசித் துண்டு நாடு அல்லது விற்பனை வட்டாரம். யுஎஸ்ஏ யாருக்கும் புரியும். சேகரிப்பவருக்குச் சுவாரஸ்யம் ஐரோப்பாவில்தான் தொடங்குகிறது. யுகேவி பிரிட்டன். என்ஓஇ, எஃப்ஆர்ஜி இரண்டும் ஜெர்மனி. எஃப்ஏஹெச் பிரான்சும் ஹாலந்தும் சேர்ந்தது, ஹெச்ஓஎல் ஹாலந்து மட்டும். எஸ்சிஎன் ஸ்காண்டிநேவியா, அங்கே விநியோகம் பெர்க்சாலா நிறுவனத்துடையது. இஎஸ்பி ஸ்பெயின், ஐடிஏ இத்தாலி, ஏயுஎஸ் ஆஸ்திரேலியா.

ஜப்பானியப் பழைய லேபிள்களில் மூன்றாவது துண்டே இருக்காது. டெட்ரிஸ் வெறும் டிஎம்ஜி-டிஆர்ஏ, செல்டா டிஎம்ஜி-இசட்எல்ஜே. நாட்டுத் துண்டு கிழிந்துபோயிருக்கிறது என்று நினைத்து நல்ல கேசட்டை ஒதுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்காண்டிநேவிய கேசட்டுக்கும் அமெரிக்க கேசட்டுக்கும் உள்ளே என்ன வித்தியாசம் சார்?

பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. கேம் பாய்க்கு வட்டாரப் பூட்டு கிடையாது. எந்த நாட்டுக் கேசட்டும் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும். அதனால் ஆங்கிலத்தில் வந்த விளையாட்டுக்கு ஒரே சிப்பைப் போட்டு, லேபிளையும் பெட்டியையும் கையேட்டையும் மட்டும் நாட்டுக்கு நாடு மாற்றினார்கள். அமெரிக்க டெட்ரிஸைத் திறந்தால்கூட சிப்பின் முதுகில் டிஎம்ஜி-டிஆர்ஏ-1 என்ற பொதுக்குறிதான் இருக்கும்.

ஆகவே நீங்கள் காசு கொடுப்பது காகிதத்துக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். எஸ்சிஎன் பெட்டியில் யுஎஸ்ஏ கேசட்டை வைத்து 'முழு செட்' என்று விற்பது சர்வசாதாரணம். போட்டுப் பார்த்தால் நன்றாகத்தான் ஓடும், எதுவும் வித்தியாசமாகத் தெரியாது.

வாங்கும் முன் மூன்று படம் கேளுங்கள்: கேசட் லேபிள், பெட்டியில் குறி அச்சான பக்கம், கையேட்டின் பின்னட்டை. மூன்றிலும் கடைசித் துண்டு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. பெட்டி ஒரு வட்டாரம், கையேடு இன்னொரு வட்டாரம் என்று கடையிலிருந்தே வந்த வெளியீடுகளும் இருக்கின்றன. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் விற்பவர். அதே சேர்க்கை, தொடர்பில்லாத இரண்டு மூன்று பேரிடம் இருந்தால் நம்பலாம். அவர் ஒருவரிடம் மட்டும்தான் என்றால் கலப்படம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிப்பில் இருப்பதைப் படித்துப் பார்த்தே ஆக வேண்டுமா? எப்படி?

பதிப்பு எண் தெரிய வேண்டுமானால் படித்தாக வேண்டும். ஜிபிஎக்ஸ்கார்ட் போன்ற யுஎஸ்பி ரீடரும் ஃபிளாஷ்ஜிபிஎக்ஸ் மென்பொருளும் போதும்.

கேசட்டின் பித்தளை நிற முனைகளை 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வருவது நிற்கும்வரை துடைத்து, இரண்டு நிமிடம் காயவிடுங்கள். ரீடரில் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டில் வையுங்கள். கேம் பாய், கலர் கேசட்டுகளுக்கு 5, பின்னாளில் வந்த கேம் பாய் அட்வான்ஸ் கேசட்டுகளுக்கு 3.3. அட்வான்ஸ் கேசட்டுக்கு 5 கொடுத்தால் சிப் போய்விடலாம், அதனால் ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டே செருகுங்கள். சேமிப்புள்ள விளையாட்டு என்றால் முதலில் சேமிப்பை எடுங்கள், பிறகுதான் ரோம், அதாவது விளையாட்டு பதிந்த சிப்பின் உள்ளடக்கம். ரோமை இரண்டு முறை எடுத்து எஸ்ஹெச்ஏ-1 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் கோளாறு முனையில்தான், மறுபடி துடையுங்கள்.

பிறகு கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை எண்களாகக் காட்டும் மென்பொருள்) திறந்து இந்த முகவரிகளைப் பாருங்கள். 0104 முதல் 48 பைட் நின்டெண்டோ சின்னம். முனை அழுக்கு என்றால் முதலில் குழம்புவது இதுதான். 0148-இல் உள்ள எண் அளவைச் சொல்லும்: 0 என்றால் 32 கிலோபைட், ஒவ்வொரு எண் ஏறும்போதும் இரட்டிப்பு. 014ஏ-இல் 00 என்றால் ஜப்பான், 01 என்றால் வெளிநாடு. ஜெர்மனியா அமெரிக்காவா என்று இந்த பைட் பிரித்துச் சொல்லாது. 014சி-தான் பதிப்பு எண்: 00 முதல் பதிப்பு, 01 திருத்திய பதிப்பு.

கடைசியாக ஒன்று. 014டி-இல் உள்ள தலைப்புக் கூட்டலை (கோப்பின் தலைப்புப் பகுதி சரியா என்று காட்டும் எண்) கருவி துவங்கும்போதே சரிபார்க்கும். தப்பாக இருந்தால் விளையாட்டு ஓடாது. 014இ, 014எஃப் இரண்டிலும் உள்ள முழுக் கூட்டலை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மொழிமாற்றிய, ஒட்டுப்போட்ட ரோம்கள் அதனால்தான் தாராளமாக ஓடுகின்றன. முழுக் கூட்டல் பொருந்தாமல் இருந்து, அசல் ரோம்களின் மதிப்புகளைத் தொகுத்த நோ-இன்ட்ரோ பட்டியலிலும் உங்கள் ரோமின் எஸ்ஹெச்ஏ-1 மதிப்பு இல்லையென்றால் கையில் இருப்பது பெரும்பாலும் டூப்ளிகேட்.

கேள்வி: டெட்ரிஸ் 1.0 என்று விலை ஏற்றி விற்கிறார்களே, அப்படி ஒன்று உண்மையிலேயே உண்டா?

உண்டு, ஜப்பானில் மட்டும். டெட்ரிஸ் அங்கே 1989 ஜூன் 14 அன்று வெளியானது. முதல் அச்சில் ஏ-டைப் இசை வேறு மெட்டு. எல்லோர் காதிலும் ஒலிக்கும் கொரோபெய்னிகி என்ற ரஷ்ய நாட்டுப்பாடல் 1.1-இல்தான் சேர்ந்தது. ஜப்பானுக்கு வெளியே போனதெல்லாம் 1.1.

ரீடர்கூட வேண்டாம். விளையாட்டைப் போட்டு, இசைத் தேர்வில் ஏ-டைப் மேல் கொண்டுபோய் நிறுத்துங்கள். கொரோபெய்னிகி கேட்டால் 1.1, ஏற்றிய விலை கொடுக்காமல் விலகிவிடலாம். தொலைவிலிருந்து வாங்குவதானால் அந்தத் திரையையும் ஒலியையும் ஒரே காணொளியாக, வெட்டாமல் கேளுங்கள். லேபிள் படத்தை மட்டும் வைத்து 1.0 என்று சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: ட்ரிப் வேர்ல்டு ஐரோப்பிய கேசட் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பாதி விலை என்பதே பதில். சன்சாஃப்டின் ட்ரிப் வேர்ல்டு ஜப்பானில் 1992-இலும் ஐரோப்பாவில் 1993-இலும் வந்தது. அமெரிக்காவுக்கு அந்தக் காலத்தில் வரவே இல்லை. அதனால் கிராக்கி அதிகம், டூப்ளிகேட்டும் அதிகம்.

திறந்து பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம். கேசட்டுக்கு 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் திருப்புளி வேண்டும். (கருவியின் முதுகுக்கு மூன்று இறக்கை வடிவ ட்ரை-விங், இரண்டையும் குழப்பித் திருகுத் தலையைத் தேய்த்துவிடாதீர்கள்.) அசல் சர்க்யூட் பலகையில் நின்டெண்டோ பெயரும் டிஎம்ஜி என்று தொடங்கும் பலகைக் குறியும் அச்சாகியிருக்கும். ரோம் சிப்பின் மேல் விளையாட்டின் குறி இருக்கும். சிப்புகளில் நான்கு இலக்கத் தேதி எண்ணும் பார்க்கலாம்: 9304 என்றால் 1993-இன் நான்காம் வாரம். 1993 வெளியீட்டுக்குள் 2011 தேதியிட்ட சிப் இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. இந்த விளையாட்டில் சேமிப்பே கிடையாது, ஆகவே பலகையில் பட்டன் பேட்டரி உட்கார்ந்திருந்தால் அது வேறு எதற்கோ செய்த பலகை.

திறக்க விற்பவர் சம்மதிக்கவில்லையா? லேபிளைச் சாய்வான வெளிச்சத்தில் படமெடுக்கச் சொல்லுங்கள். அசலில் இரண்டு எண்ணோ, எண்ணுடன் ஓர் எழுத்தோ மையில்லாமல் அழுத்திப் பதிந்திருக்கும். நேர் வெளிச்சத்தில் அது தெரியாது. இதுவும் போலியில் வரத் தொடங்கிவிட்டது என்பதால், பதிவு இருந்தால் அசல் என்று கொள்ளாதீர்கள்; இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: கேம் பாய் லைட் என்று ஒருவர் தருகிறார். திரை பச்சையாக ஒளிர்கிறது. சரிதானா தம்பி?

ஐயா, ஒளிர்வதை விடுங்கள், பேட்டரி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். லைட்டுக்கு ஏஏ அளவு பென்சில் பேட்டரி இரண்டு. பாக்கெட்டுக்கு அதைவிடச் சின்னதான ஏஏஏ இரண்டு. பாக்கெட்டுக்குள் விளக்குத் தகடு பொருத்தி லைட் என்று தள்ளிவிடுவது நடக்கிறது. முதுகு லேபிளில் எம்ஜிபி-101 இருக்க வேண்டும், எம்ஜிபி-001 பாக்கெட்.

லைட் 1998 ஏப்ரல் 14 அன்று ஜப்பானில் மட்டும் வந்தது. பொதுநிறம் தங்கமும் வெள்ளியும். டோக்கியோ போகிமான் சென்டர், ஃபாமிட்சு இதழ் ஆகியவற்றின் சிறப்புப் பதிப்புகளும் உண்டு. பின்னொளி எலெக்ட்ரோலுமினசன்ட் தகடு (மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிர்வது), எரிந்த மணிக்கணக்கில் மங்கும். இருட்டறையில் ஏற்றி நான்கு மூலையையும் பாருங்கள். ஒரு மூலை மட்டும் கறுத்திருந்தால் தகடு தேய்ந்தது. விளக்கில்லாமல் சுமார் 20 மணி நேரம், விளக்கோடு சுமார் 12 என்பது புதிதாக இருந்தபோதைய கணக்கு.

கேள்வி: கொரியா, பிரேசில் வெளியீடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.

கொரியாவில் ஹூண்டாய் எலெக்ட்ரானிக்ஸ் கேம் பாயை மினி காம்பாய் என்ற பெயரில் விற்றது. பிரேசிலில் கிரேடியென்டேயும் எஸ்ட்ரெலாவும் 1993-இல் தொடங்கிய பிளேட்ரானிக் விற்றது. இரண்டிலும் கருவியைவிடப் பெட்டி, கையேடு, உத்தரவாத அட்டைதான் அரிது. கருவி மட்டும் கிடைத்தால் முதுகு லேபிள் கீறப்படாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த லேபிள் போனால் அது எந்த ஊர் என்று சொல்ல வழியில்லை.

சிப்பே வேறாக இருக்கும் ஓர் உதாரணம் கொரிய போகிமான் கோல்டு, சில்வர் (2002). மற்ற மொழிகளில் இவை பழைய சாம்பல் கேம் பாயிலும் ஓடும். கொரியப் பதிப்பு கலரிலும் அதற்குப் பிந்திய கருவிகளிலும் மட்டுமே ஓடும். 0143 பைட்டில் மற்றவற்றுக்கு 80, கொரியனுக்கு சி0. "பழைய கேம் பாயில் போட்டேன், ஓடவில்லை, பழுது" என்று யாராவது மலிவாகத் தந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

கேள்வி: லேபிளில் விளையாட்டின் பெயரே இல்லாத ஜப்பானியக் கேசட் ஒன்று கிடைத்தது. டிஎம்ஜி-எம்எம்எஸ்ஏ-ஜேபிஎன் என்றிருக்கிறது.

ஜிபி மெமரி கேசட். ஜப்பானின் லாசன் கடைகளில் கொடுத்தால் வேண்டிய விளையாட்டை எழுதித் தருவார்கள். 2000-இல் தொடங்கிய இந்தச் சேவை 2007 பிப்ரவரியில் முழுவதுமாக நின்றது. உள்ளே ஃபிளாஷ் நினைவகம் 1 மெகாபைட், எட்டுப் பகுதி. பல விளையாட்டு எழுதியிருந்தால் ஒரு பகுதியைப் பட்டியல் திரை எடுத்துக்கொள்ளும்.

எதையும் எழுதிப் பார்க்காதீர்கள். முதலில் முழு 1 மெகாபைட்டையும், கூடவே மறைவாக உள்ள 128 பைட் வரைபடத்தையும் எடுங்கள். எந்த விளையாட்டு எந்தப் பகுதியில் என்பது அதில்தான் இருக்கிறது. அது இல்லாமல் ரோமை மட்டும் வைத்திருந்தால் கேசட்டை முன்பிருந்தபடி மீட்க முடியாது. எந்தக் கடையில் எந்தச் சேர்க்கையை எழுதி வாங்கினார்கள் என்பதே இதில் ஆராயத்தக்கது, அழித்துவிட்டால் போயிற்று.

கேள்வி: சேமிப்பு பேட்டரி மாற்றினால் மதிப்பு குறையுமா?

ஒழுகினால் பலகையே போகும், அப்புறம் மதிப்பைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது. மல்டிமீட்டரில் 2.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை மாற்றிவிடுங்கள். சிஆர்1616, சிஆர்2025 இரண்டும் புழக்கத்தில் உண்டு. பழையதன் மேல் அச்சானதையே வாங்குங்கள். தகரக் கால் வைத்து வரும் பேட்டரிதான் வேண்டும். வெறும் பேட்டரி மேல் நேரடியாக சால்டர் வைத்தால் சூட்டில் அது கெடும், வெடிக்கவும் கூடும். பழையதை எடுத்த கணமே சேமிப்பு அழியும், அதனால் முன்கூட்டியே ரீடரில் நகல் எடுத்து, மாற்றியபின் திருப்பி எழுதுங்கள். விற்கும்போது மாற்றிய தேதியைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஜப்பானிய ஏலத்தில் வரும் சொற்கள் புரியவில்லை.

ஐந்து போதும். 'ஹதகா' என்றால் வெறும் கேசட். 'ஹாகோ-செட்சு' பெட்டியும் கையேடும் உண்டு. 'மிகாய்ஃபூ' பிரிக்காதது. 'ஜங்க்' என்றால் குப்பை என்று அர்த்தமில்லை. சோதிக்கவில்லை, திருப்பி வாங்க மாட்டோம் என்று அர்த்தம். முனை அழுக்கால் ஓடாத நல்ல கேசட்டுகள் பெரும்பாலும் இந்தத் தலைப்பில்தான் கிடைக்கும். 'ஹாகாகி' என்று சேர்த்திருந்தால், வாங்கியவர் நிரப்பி அனுப்பும் தபால் அட்டையும் இருக்கிறது. ஜப்பானியப் பெட்டியில் முதலில் தொலைவது அதுதான்.

கேள்வி: கடலோர ஊர். பெட்டிகள் நெளிகின்றன, கறை பிடிக்கிறது.

ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஜெல் நிறம் மாறினால் சூடேற்றிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். பெட்டிக்கு பிஇடி உறை போடுங்கள், பிவிசி வேண்டாம். அதிலிருக்கும் மென்மையூட்டி கசிந்து அச்சில் ஒட்டும். வெயில் படும் அலமாரியில் சிவப்பு மைதான் முதலில் வெளுக்கும், முதுகுப்பட்டையைப் பார்த்தாலே தெரியும். கருவியில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். ஒழுகி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பஞ்சில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹால். வினிகரைப் பலகைக்குள் வழியவிடாதீர்கள்.