அந்த மூன்றடிச் சந்து: பெங்களூரில் வீடு கட்டுவோர் கேள்விகளுக்குப் பதில்

முப்பது ஆண்டுக்கும் மேலாகப் பெங்களூரில் வரைபடம் போட்டு, அஸ்திவாரம் தோண்டி, நடுநடுவே அண்டை வீட்டார் சண்டையும் விலக்கிவிட்டு ஓய்வு பெற்ற பொறியாளன் நான். எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளை ஒரு வாரமாகப் படித்தேன். பாதிக்கு மேல் ஒரே இடத்தைப் பற்றியவை: இரண்டு வீட்டுக்கு நடுவே, ஆள் ஒருக்களித்து நடக்கிற அந்தச் சந்து. நான் வக்கீல் அல்ல. சட்டம் வரும் இடங்களில் என் வேலையில் பட்டு அறிந்ததைச் சொல்கிறேன்.

ராமமூர்த்தி நகரிலிருந்து ஒருவர்: ஐயா, என்னுடையது 30க்கு 40 மனை. செட்பேக் (எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விதிப்படி விட வேண்டிய காலியிடம்) விட்டால் வீடு தீப்பெட்டி ஆகிவிடும், எல்லோரையும் போல எல்லை வரை கட்டிக்கொள்ளுங்கள் என்கிறார் மேஸ்திரி. என்ன செய்வது?

முதலில் கணக்குப் போடுவோம். பக்கத்துக்கு ஒரு மீட்டர் விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் என்பது மூன்றடி மூன்றங்குலத்துக்குச் சற்று மேல். இரண்டு பக்கமும் கழித்தால் 30 அடியில் 23 அடி 5 அங்குலம் மிஞ்சும். இரண்டு படுக்கையறையும் கூடமும் அதில் வசதியாக அடங்கும். நான் போட்டுக் கொடுத்த வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமும் ஆகிவிட்டது. உங்கள் மனைக்கு எந்தப் பக்கம் எவ்வளவு என்பது மனையின் அளவையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது. ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் அது குறிக்கப்பட்டிருக்கும். மேஸ்திரியின் வாயில் அளவு தேடாதீர்கள்.

எல்லை வரை கட்டினால் என்ன ஆகும் என்பதை மேஸ்திரி சொல்லியிருக்க மாட்டார். சாரம் கட்ட இடம் இராது, வெளிச்சுவருக்குப் பூச்சு ஏறாது. இந்த நகரத்தில் இரண்டு வீட்டு இடுக்கை எட்டிப் பாருங்கள்: பூசாத கல், வழிந்து காய்ந்த காரை, மேலே மழைநீர் இறங்காமல் அடித்த தகரம். ஐந்தாவது மழைக்காலத்தில் படுக்கையறைச் சுவரில் ஈரம் பூக்கும். உள்ளே எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் நோய் வெளியே இருக்கிறது. கழிவுக் குழாய் அடைத்தால் பிளம்பர் நிற்கவும் இடம் கிடையாது.

சட்டத்துக்கு வருவோம். விதிமீறலுக்கு வரும் நோட்டீஸ் வீட்டுக்காரர் பெயரில் வரும், மேஸ்திரி பெயரில் அல்ல. முன்பு 1976ஆம் ஆண்டின் கர்நாடக மாநகராட்சிகள் சட்டத்தின் 321ஆம் பிரிவு. பிறகு 2020ஆம் ஆண்டின் பெங்களூரு மாநகராட்சிச் சட்டத்தின் 248ஆம் பிரிவு. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்துவிட்டது. உங்கள் மனை எதில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அபராதம் வாங்கிக்கொண்டு விதிமீறலை முறைப்படுத்தும் ‘அக்ரம சக்ரம’ திட்டம் வந்து காப்பாற்றும் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். அந்தத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியிலேயே தடை விதித்தது. அதே நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று, நிறைவுச் சான்றிதழோ குடியேற்றச் சான்றிதழோ இல்லாத கட்டடத்துக்கு மின்சாரமும் தண்ணீரும் இணைக்கக் கூடாது என்று சொன்னது. 1200 சதுர அடி வரையுள்ள மனைகளில் எழும் சிறிய வீடுகளுக்கு மாநில அரசு 2025இல் விலக்கு அளித்தது உண்மை, உங்கள் மனையும் சரியாக 1200தான். ஆனால் அது சான்றிதழிலிருந்து விலக்கு, செட்பேக்கிலிருந்து அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

பாணஸ்வாடியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை: பக்கத்து வீட்டு முதல் மாடி பால்கனி சந்துக்குள் நீட்டிக்கொண்டு வருகிறது. எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து கை குலுக்கலாம். கேட்டால், “கீழே என் எல்லைக்குள்தானே இருக்கிறேன், மேலே காற்றுதானே அம்மா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி” (கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்) என்கிறார் கன்னடத்தில்.

அம்மா, இந்த ஊரின் மூன்றடிச் சந்துகளில் பாதியை விழுங்கியது அந்த ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’தான். செட்பேக் தரையோடு முடிவதில்லை, மேலேயும் போகிறது.

உங்கள் புகாரில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன; பிரித்துக்கொண்டால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். பால்கனி அவருடைய சந்துக்குள்ளேயே, விதி விடும் அளவுக்கு மேல் நீண்டிருந்தால் அது கட்டட விதிமீறல்; மாநகராட்சிக்கு எழுத வேண்டியது. உங்கள் எல்லையைத் தாண்டியிருந்தால் அது ஆக்கிரமிப்பு. சிவில் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். எது என்று தெரிந்துகொள்ள ஒரு தூக்குக்குண்டு போதும். பால்கனி விளிம்பிலிருந்து நூலை விட்டு, குண்டு எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். தேதி தெரிகிற மாதிரி புகைப்படம் எடுத்து வையுங்கள். சென்டரிங் பலகை இன்னும் நிற்கிறதென்றால் இன்றே செய்யுங்கள். கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தின நாள் பேசுவது ஒரு தேநீரில் முடியும், மறுநாள் பேசுவது வழக்கில் முடியும்.

எல்லை தாண்டியிருந்தால் சும்மா இருக்கவே கூடாது. உங்கள் உரிமையை மறுத்து ஒருவர் வெளிப்படையாக 12 ஆண்டு அனுபவித்துவிட்டால், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அவர் பக்கம் சாயும். மரியாதையாக ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கோபத்தைக் கடிதத்தில் வைக்காதீர்கள், அளவை மட்டும் வையுங்கள்.

ஜன்னல் 1998இல் வைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்குச் சாதகம். 1882ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, ஒரு கட்டடத்துக்கு வெளிச்சமும் காற்றும் 20 ஆண்டு தடையின்றி, அமைதியாகக் கிடைத்து வந்தால் அது உரிமையாகிவிடும். ஆனால் “எங்கள் சமையலறை தெரிகிறது” என்ற வாதம் தனியாக நிற்காது. அந்தரங்கத்துக்கான அனுபோக உரிமையை அந்தச் சட்டம் ஊர் வழக்கம் இருக்கும் இடத்தில்தான் ஏற்கிறது. அதற்கு ஜன்னலில் ஒரு திரை போடுங்கள்.

விவேக் நகரிலிருந்து: பக்கத்து மொட்டைமாடித் தண்ணீர் குழாய் வழியாக எங்கள் காம்பவுண்டுக்குள் கொட்டுகிறது. மேட்டு மனைத் தண்ணீர் பள்ளத்து மனைக்கு வரத்தான் செய்யும் என்கிறார்.

பாதி உண்மை சொல்கிறார். இயல்பாக வழிந்து வரும் நீரைத்தான் கீழ் மனைக்காரர் ஏற்க வேண்டும். கூரையில் சேர்த்துக் குழாயில் திருப்பி விடுவது இயல்பான வழிவு அல்ல. அவர் வீடு 2400 சதுர அடிக்கு மேற்பட்ட மனையா என்று பாருங்கள். அப்படியானால் பெங்களூர்க் குடிநீர் வாரியச் சட்டத்தின் 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பழைய வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். புது வீட்டுக்கு 1200 சதுர அடியிலிருந்தே கட்டாயம். அந்தக் குழாயைத் திருப்பி அவர் சம்ப்பில் விட்டால் தண்ணீர் லாரிச் செலவும் குறையும். இப்படிச் சொல்லிப் பாருங்கள், சட்டம் பேசுவதைவிடச் சீக்கிரம் வேலை நடக்கும்.

கே.ஆர். புரத்திலிருந்து: பக்கத்து மனையில் கார் நிறுத்த எட்டடி ஆழம் தோண்டுகிறார்கள், எங்கள் காம்பவுண்டை ஒட்டியே. எங்கள் வீடு 1994இல் கட்டியது, சைஸ் கல் (அளவாக உடைத்த கருங்கல்) அஸ்திவாரம். இரண்டு சுவரில் விரிசல் வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது, அண்ணா.

பயப்பட வேண்டிய கேள்வி இது ஒன்றுதான், தம்பி. மற்றதெல்லாம் மனக்கசப்பு.

சைஸ் கல் அஸ்திவாரம் பெரும்பாலும் நான்கு ஐந்து அடிக்கு மேல் போவதில்லை. அவர்கள் எட்டடி இறங்கினால், உங்கள் அஸ்திவாரத்தைத் தாங்கும் மண் பக்கவாட்டில் பிடிப்பு இல்லாமல் நிற்கிறது என்று பொருள். நம் செம்மண் காய்ந்திருக்கும்போது சுவர் போலச் செங்குத்தாக நிற்கும். அதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. ஒரு இரவு மழை போதும்.

இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த ஆரம்ப நாட்களில், ஒரு அக்டோபரில், எல்லையோரம் நாற்பதடி நீளத்தையும் ஒரே மூச்சில் தோண்ட விட்டேன். மறுநாள் காலையில் போனால் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு முழுதும் குழிக்குள் படுத்திருந்தது, அவர்கள் துளசி மாடத்தோடு. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மாள் என்னைத் திட்டாமல் துளசிச் செடியை மட்டும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். இன்றைக்கும் அந்தத் தெருவழியே போவதில்லை நான்.

சரியான முறை கீற்றுக் கீற்றாகத் தோண்டுவது. நான்கு ஐந்தடி அகலத்துக்கு ஒரு கீற்று தோண்டி, அங்கே தாங்குசுவர் எழுப்பி, மண் நிரப்பி இறுக்கிய பிறகு, இடையில் ஒன்றை விட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். நேரம் பிடிக்கும், அதனால்தான் யாரும் செய்வதில்லை. அவர்கள் பொறியாளரிடம் நேராகப் போய், பக்கவாட்டுத் தாங்கலுக்கான வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் இல்லை என்று அர்த்தம். இதற்கிடையில் குழியோரம் மண்ணும் ஜல்லியும் குவிக்க விடாதீர்கள். அந்தப் பாரமும் சேர்ந்து தள்ளும்.

விரிசலுக்கு ஒரு பழைய சோதனை உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். பூச்சின் மேல் ஒட்டாதீர்கள். பூச்சைச் சுரண்டிக் கல் தெரியும் இடத்தில் ஒட்டுங்கள். கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் பழையது, தூங்குகிறது. உடைந்தால் சுவர் நகர்கிறது. அன்றே அந்தப் பக்கத்து அறையைக் காலி செய்துவிட்டு ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசலைக் கூடுதலாகக் கவனியுங்கள். பூச்சில் வலை போலப் பரவியிருப்பது வெறும் சுருக்கம்தான்.

சட்டம் இதில் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறது. பக்கத்து நிலம் உங்கள் நிலத்தைத் தாங்குவது உங்கள் இயற்கை உரிமை. மேலே நிற்கும் வீட்டின் பாரத்துக்கு 20 ஆண்டு கடந்தால் அந்த உரிமை கிடைக்கும், உங்களுக்குக் கடந்துவிட்டது.

அல்சூரிலிருந்து: தாத்தா காலத்து வீடு, 20க்கு 30 மனை, மெட்ராஸ் டெரஸ் கூரை, ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது. மேலே ஒரு மாடி எடுக்கலாமா?

அந்தச் சுவர் மேல் கூடாது. பழைய செங்கல் சுவர் மண்சாந்திலோ சுண்ணாம்பிலோ எழும்பியிருக்கும், புதுப் பாரம் தாங்காது. போதாததற்குப் பாதி அவர்களுடையது. உங்கள் எல்லைக்குள் தனிப் பில்லர்கள் இறக்கி அதன்மேல் எழுப்புங்கள், பொதுச்சுவரைத் தொடாமல் ஒரு இடைவெளி விடுங்கள். எனக்குப் பிடித்த யோசனை வேறு: மாடி வேண்டாம், அந்தக் கூரையைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மரக்கட்டையும் குறுக்கே அடுக்கிய செங்கல்லும் சேர்ந்த கூரை போடத் தெரிந்த கை இன்று அரிது. ஆனால் வாடகை வருமானம் வேண்டும் என்பவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை என்பதும் தெரியும்.

ஜீவன் பீமா நகரிலிருந்து: பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் கார் மேல் சாய்ந்திருக்கிறது. வெட்டச் சொல்லலாமா? விழுகிற காய் யாருக்கு?

1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மரம் வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும். தென்னை விலக்குப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் மரம் அவருடையது, முடிவும் அவருடையது. ஒரு தடித்த கம்பிவடத்தை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காய் இறக்கச் சொல்லுங்கள், கூலியில் பாதியை நீங்கள் கொடுங்கள். காய் யாருக்கு என்று கேட்டு ஒரு தேங்காய்க்காக உறவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கார் கண்ணாடி என்றால் அது வேறு கணக்கு.

ஆஸ்டின் டவுனிலிருந்து: இரவு பதினொரு மணிக்கு மேல் மார்பிள் அறுக்கிறார்கள்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஓசையெழுப்பும் கட்டுமானக் கருவிகளை இயக்கக் கூடாது. 112க்கு அழையுங்கள்.

ராமமூர்த்தி நகரிலிருந்தே இன்னொருவர்: பத்திரத்தில் 30 அடி, அளந்தால் 29 அடி 5 அங்குலம். ஏழு அங்குலத்தைப் பக்கத்து வீட்டார் எடுத்துவிட்டார் என்கிறாள் என் மனைவி. வாய்ச்சண்டை முற்றிவிட்டது.

ஏழு அங்குலம் எங்கே போயிருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். லேஅவுட் போட்ட நாளில் சங்கிலி பிடித்தவர் தளர்த்திப் பிடித்திருப்பார்; வரிசையில் உள்ள எல்லா மனையிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருக்கும். அல்லது உங்கள் காம்பவுண்டைக் கட்டியவரே சுவர் கனத்தை முழுக்க உங்கள் பக்கம் வைத்திருப்பார். உங்கள் சுவரிலிருந்து அவர் சுவருக்கு அளப்பது அளவே அல்ல. தெருமுனைக் கல்லிலிருந்து தொடங்கி, வரிசை முழுதும் அளந்து வர வேண்டும். இரண்டு பேரின் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துச் செக்குபந்தியை, அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தை, படிக்க வேண்டும். உங்கள் தெற்கு எல்லையும் அவர் வடக்கு எல்லையும் ஒரே கோடாக எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் பாதிப் புதிர் அவிழும்.

ஞாயிறு காலை ஐம்பது மீட்டர் டேப்போடு நான் வருகிறேன். பக்கத்து வீட்டாரையும் வரச் சொல்லுங்கள். டேப்பின் மறுமுனையை அவர் பிடித்தால்தான் அளப்பேன்.