குழந்தைகளோடு மணற்காட்டுக்கும் கடலடிக்கும் போவது: எங்கே தொடங்கலாம்?

கேள்வி இது: "எங்களுக்கு 8 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள். பாலைவனப் பயணம், ஸ்கூபா டைவிங் இரண்டையும் குடும்பமாகச் செய்து பார்க்க ஆசை. அதற்கு வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டுமா, தமிழ்நாட்டிலேயே தொடங்க முடியுமா?"

ராமநாதபுரம் கடற்கரையிலேயே தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் மணல்மேட்டில் வண்டியை ஏற்றுவதிலும், முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குவதிலும் தொடங்க வேண்டாம் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். வெறுங்காலால் நடக்கக்கூடிய மணலிலும் முழங்காலளவுத் தண்ணீரிலும் தொடங்குங்கள். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். என் மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுத பிறகுதான் சரியான வரிசை எங்களுக்குப் புரிந்தது.

எங்கள் ஊர் கீழக்கரை. பிழைப்புக்காக 11 ஆண்டுகள் ஷார்ஜாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் நாங்கள். அங்கே குளிர்காலத்து விடுமுறை நாள்களில் உறவினர் வண்டிகளோடு சேர்ந்து மணற்காட்டுக்குப் போவோம். மணலில் ஓட்ட வேண்டுமானால் சக்கரக் காற்றைச் சாலையில் இருப்பதில் ஏறக்குறையப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பதையும், ஒற்றை வண்டியாக ஒருபோதும் போகக் கூடாது என்பதையும் என் கணவர் அங்குதான் கற்றுக்கொண்டார். மேடு ஏறி இறங்கும் அந்த ஓட்டத்தில் பெரியவர்களுக்கு இருந்த மகிழ்ச்சி பிள்ளைகளுக்கு இல்லை. மகன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். அவர்கள் இன்றைக்கும் எடுத்துச் சொல்வது மலீஹா பக்கத்துப் பாறைமேட்டில் கண்ட ஒன்றைத்தான். சுற்றிலும் மணல் பரந்து கிடக்க, அந்தப் பாறைக்குள் கடற்சிப்பிகளின் வடிவங்கள் பதிந்திருந்தன. "மலை மேல சிப்பி எப்படி உம்மா வந்துச்சு?" என்று மகன் கேட்டான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடமே கடலடியாக இருந்தது என்பதை நாங்கள் மூவரும் அந்தப் பாறை மீது உட்கார்ந்து பேசினோம். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்ததால் கிடைத்த பேச்சு அது.

கடலடி அனுபவமும் அங்கேதான் முதலில் நேர்ந்தது. ஓமான் வளைகுடாவை ஒட்டிய புஜைராவில் ஒரு டைவிங் நிலையத்துக்குப் போனோம். மகளுக்கு அப்போது 11 வயது. இரண்டு நாளாக இலேசான சளி. உடல்நலப் படிவத்தில் சளி பற்றிய கேள்வி இருந்தது; நான் அதை ஊன்றிப் படிக்காமல் கையெழுத்திட்டேன். அடுத்த குழு காத்துக்கொண்டிருந்த அவசரத்தில் பயிற்சியாளரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மூன்று மீட்டர் ஆழம்கூடப் போயிருக்க மாட்டாள். வலி தாங்காமல் மேலே வந்துவிட்டாள். நடுக்காதில் அழுத்தக் காயம் என்று மருத்துவர் சொல்லி, ஒரு மாதத்துக்குத் தலையை நீருக்குள் விடக் கூடாது என்றார்.

ஊருக்கு வந்தபோது இதை என் சாச்சாவிடம் (சித்தப்பாவிடம்) சொன்னேன். அவர் இளவயதில் சங்கு குளித்தவர். காற்று உருளை எதுவும் இல்லாமல், காலில் தகடு மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி ஆறேழு பாகம் (பத்துப் பன்னிரண்டு மீட்டர்) இறங்கியவர். இடக்காது அவருக்குச் சரியாகக் கேட்காது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "காது வலிச்சா கடல் இன்னிக்கு வேணாம்னு சொல்லுதுன்னு அர்த்தம். மேல வந்துரணும். நாங்க வயித்துப்பாட்டுக்காக மேல வராம இருந்தோம். புள்ளைக்கு என்ன அவசரம்?"

அவர் அனுபவத்தில் அறிந்ததற்கு எளிய இயற்பியல் விளக்கம் உண்டு. கடல்மட்டத்தில் நம் மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. பத்து மீட்டர் இறங்கினால் அது இரண்டாகிறது. இருபது மீட்டரில் மூன்றாகிறது. முதல் பத்து மீட்டரில் அழுத்தம் இருமடங்காவதைப் போல அதற்குக் கீழே எங்கும் அவ்வளவு விரைவாகப் பெருகுவதில்லை. அதனால் செவிப்பறை அதிகம் துன்பப்படுவது மேல்மட்டத்துச் சில மீட்டர்களில்தான். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, நடுக்காதுக்குள் காற்றைச் செலுத்திச் சமன்செய்துகொண்டே இறங்க வேண்டும். வலி வருவதற்கு முன்பே ஊத வேண்டும். சளி பிடித்திருந்தால் காதுக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழாய் அடைத்துக்கொள்வதால் எவ்வளவு ஊதினாலும் பயன் இல்லை. "கொஞ்ச ஆழம்தானே" என்று யாராவது உங்கள் பிள்ளையை இறக்கப் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள்.

இனி நம் மணலைப் பற்றி. அறிவியல் கணக்கின்படி ராமநாதபுரம் பாலைவனம் அல்ல. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் நிலத்தையே பொதுவாக அப்படிச் சொல்வார்கள். நமக்கு அதைப் போல மூன்று மடங்கு பெய்கிறது. ஆனால் அந்த மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுவதால், மற்ற மாதங்களில் நிலம் காய்ந்து கிடக்கிறது. தமிழ் மரபு பாலைக்கென்று தனி நிலம் வைக்காமல், மற்ற நிலங்கள் வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சொன்னதை, சித்திரை மாதத்தில் சாயல்குடிப் பக்கம் நின்றால் ஒத்துக்கொள்வீர்கள்.

சாயல்குடியிலிருந்து தெற்கே கடலை நோக்கிப் போகும்போது தேரி எனப்படும் செம்மணல் மேடுகளைக் காணலாம். அங்கே விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன் போய்ச் சேருங்கள். பனையும் குடை விரித்தாற்போன்ற உடைமரமும் நிற்கும் அந்த மணலில் இரவு நடமாடிய உயிர்கள் எல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கும். வண்டு நடந்த தடம் இரட்டைத் தையல் போட்டதுபோல இருக்கும். ஓணான் தடத்தில் நடுவே வால் இழுபட்ட கோடு தெரியும். என் மகன் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு எடுத்து வந்திருந்தான். அதை மணலில் இழுத்ததும் பையின் வெளிப்புறத்தில் கறுப்புப் பொடி மயிர்போலச் சிலிர்த்து ஒட்டிக்கொண்டது. பார்வைக்குச் சிவப்பாக இருக்கும் மணலுக்குள் இரும்புத் தாதுகள் கலந்திருப்பதையும், மணற்பரல்கள் மேல் படிந்த இரும்பு ஆக்சைடே அந்தச் செந்நிறத்துக்குக் காரணம் என்பதையும் அவன் பாடமாகப் படிக்கவில்லை, கையில் பிடித்துப் பார்த்தான். ஒன்பது மணிக்கு மேல் அந்த மணலில் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். தண்ணீரைத் தாராளமாகக் கொண்டுபோங்கள். கழற்றி வைத்த செருப்பை உதறிவிட்டுப் போடச் சொல்லுங்கள், தேள் இருக்கலாம்.

தனுஷ்கோடி வேறு வகை மணல். வெளுத்தது, கடல் இருபுறமும் நெருக்குவது. 1964 டிசம்பரில் வீசிய புயலில் அழிந்த ஊரின் எச்சங்களைக் காட்டுவதற்காகவே பலரும் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள். இடிந்த தேவாலயச் சுவரின் அருகே அவர்களைக் கூட்டிப்போய், தொடாமல் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். பூ விரிந்ததுபோலவும் தேனடை போலவும் கோலங்கள் தெரியும். அந்தச் சுவர் பவளக்கல்லால் கட்டியது. பவளம் என்பது உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு என்பதைக் கடலுக்குள் இறங்குவதற்கு முன்பே, தரையில் வைத்துக் காட்டிவிடலாம். மலீஹாவின் பாறையை என் மகன் உடனே நினைவுகூர்ந்தான். அங்குள்ள மீனவக் குடும்பங்கள் மணலைக் கையால் தோண்டி ஊற்றெடுத்துக் குடிநீர் சேர்ப்பதையும் காணலாம். மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்ததாகையால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். ஓர் அம்மா என் மகளுக்குச் சிரட்டையில் மொண்டு கொடுத்தார். கடலலை காதில் இரைந்துகொண்டிருக்க அந்த நீர் இனித்தது. அரிச்சல்முனையில் மட்டும் யாரையும் தண்ணீரில் இறக்க வேண்டாம். இரு கடலும் கூடும் அந்த இடத்தில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும்.

கடலில் எங்கே இறங்குவது என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இருப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் குளம்போலக் கிடக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் இது மாறும். வாடை தணியும் பிப்ரவரி, மார்ச்சில் தென்கடல் தெளிந்திருப்பதால் அதுவே பிள்ளைகளுக்கு நல்ல காலம். இணையத்தில் முன்பதிவு செய்த தேதியைவிட, அன்று காலையில் கரையில் வலை பிரிக்கும் ஒருவரிடம் "காத்து எப்படி?" என்று கேட்பதையே நான் நம்புவேன்.

முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மிதவைச் சட்டையும் மாட்டி, முழங்காலளவு நீரில் குப்புறப் படுக்க வையுங்கள். முதல் நாளுக்கு அவ்வளவே போதும். கடற்புல் வளர்ந்த தரையில் ஓரா மீன்குஞ்சுகள் கூட்டமாக மேயும். கடல் அட்டை அசையாமல் கிடக்கும். பொறுமையாகப் பார்ப்பவருக்குக் கடல்குதிரைகூடத் தென்படலாம். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசி நகர்த்தச் சொல்லுங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். சொறி மீனுக்கும் (ஜெல்லி மீன்) வெயிலுக்கும் சேர்த்து முழுக்கைச் சட்டை நல்லது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றில் இறங்கக் கூடாது. யாராவது படகுக்காரர் "நான் கூட்டிப்போறேன்" என்றாலும் மறுத்துவிடுங்கள். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. பவளமும் கடல் அட்டையும் கடல்குதிரையும் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன.

இதில் பழகிய பிறகு ஸ்கூபா. 'பாடி' (PADI) என்னும் பன்னாட்டுப் பயிற்சி அமைப்பின் விதிப்படி 8 வயதுக் குழந்தை முதன்முதலாக ஸ்கூபா செய்து பார்க்கும்போது இரண்டு மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. முறையான பயிற்சி 10 வயதில்தான் தொடங்குகிறது. ஆகவே உங்கள் இளையவர் இன்னும் இரண்டு ஆண்டுகள் கடற்புல்லோடு இருக்கட்டும். மூத்தவருக்கு முதலில் நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவரையே தேடுங்கள். ஆஸ்துமா இருந்தால் மருத்துவர் சம்மதம் இல்லாமல் வேண்டாம். பலரும் நினைப்பதுபோல அந்த உருளைக்குள் இருப்பது ஆக்ஸிஜன் அல்ல, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. அந்தக் காற்றைச் சுவாசித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நுரையீரலுக்குள் அது விரிந்து உயிருக்கே ஆபத்தாகும். சாச்சாவைப் போல மூச்சடக்கிக் குளிப்பவர்களின் முறைக்கு இது நேர் எதிரானது என்பதால் கடலோரப் பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இன்னொன்று: டைவிங் முடித்து, குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். மதுரையிலிருந்து அன்று மாலையே விமானம் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் முந்தைய நாளிலேயே கடலை முடித்துவிடுங்கள்.

என் மகள் 13 வயதில் முறையாகப் பயின்று, சென்ற பிப்ரவரியில் எங்கள் கடலிலேயே ஏழு மீட்டர் இறங்கினாள். சாச்சாவும் படகில் வந்திருந்தார். மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புக் கயிறு கீழே போகப் போகப் பழுப்பாகிவிட்டதென்று மேலே வந்ததும் சொன்னாள். நீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். சாச்சா தன் இடக்காதைத் தொட்டுக் காட்டி, "வலிச்சுதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். "சங்கு கண்டியா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. ஒன்று மணலில் பாதி புதைந்து ஊர்ந்துகொண்டிருந்ததாகவும், அது போன வழியில் நீளமாகக் கோடு விழுந்திருந்ததாகவும், தேரியில் பார்த்த தடம் போலவே இருந்ததாகவும் அவள் சொல்லிக்கொண்டே போக, அவர் படகின் பலகையில் விரலால் அந்தக் கோட்டை வரைந்து, எந்தப் பக்கம் போனது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.