வீட்டை மகனுக்கு எழுதிக்கொடுத்த அம்மா தெருவில் இருக்கிறார், வீடு திரும்பக் கிடைக்குமா?

வீட்டை மகன் பேருக்குத் தானப் பத்திரம் எழுதிக்கொடுத்த 70 வயது அம்மா இப்போது கோயில் மண்டபத்தில் படுக்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டை மீட்க வழி இருக்கிறது.

முதலில் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசுங்கள். ஆதரவற்ற முதியவர்களை மீட்கவும் அவர்கள் உதவுகிறார்கள். படுக்க ஓர் இடம்தான் இப்போதைக்கு முக்கியம்.

அப்புறம் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தென்றால், மகன் அதை மீறும்போது பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவு இது. அந்த நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டால் நிரூபிப்பது கடினம். எழுதும்போதே இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

அந்தத் தீர்ப்பாயத்துக்கான மனுவைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வக்கீல் தேவையில்லை. மாதப் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். அவரால் அலைய முடியாவிட்டால், அவர் அனுமதியோடு பராமரிப்புக்கான மனுவை நீங்களே கொடுக்கலாம்.

"பெத்த பிள்ளை மேல கேஸா?" என்று அவர் தயங்கலாம். அவசரப்படுத்தாதீர்கள். சமரச அலுவலர் முன்னால் மகனை உட்கார வைத்துப் பேசவும் இதே சட்டத்தில் இடமிருக்கிறது என்று சொல்லுங்கள்.